பிறர் பணம் நம் கையில் இருக்கும்போது: குமரி மாவட்ட வணிகர்களும் சீட்டு நடத்துவோரும் கணக்கர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம், குளச்சல் பகுதிகளில் கடை, சீட்டு, நகைக்கடன், ரப்பர் கொள்முதல், மீன் ஏலம் என்று தொழில் செய்கிறவர்களும், அவர்களிடம் கணக்கு எழுதுகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. கெட்ட எண்ணத்தோடு தொழில் தொடங்குகிறவர்கள் குறைவு. பிறருடைய பணமும் தன் பணமும் ஒரே பெட்டியில் கலக்கும் நாளில்தான் பெரும்பாலான சரிவுகள் தொடங்குகின்றன. கீழே உள்ள பதில்கள் பலவும் அந்தக் கலப்பை எப்படித் தடுப்பது என்பதைப் பற்றியவை.

எங்கள் தெருவில் 20 பேர் சேர்ந்து ஏலச்சீட்டு நடத்துகிறோம். எல்லாரும் தெரிந்தவர்கள். பதிவு செய்யத்தான் வேண்டுமா?

வேண்டும். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, முன் அனுமதி வாங்காமல் சீட்டைத் தொடங்கவும் கூடாது, ஆள் சேர்க்கவும் கூடாது. அனுமதியும் பதிவும் பதிவுத்துறையின் கீழ் உள்ள சீட்டுப் பதிவாளரிடம் பெற வேண்டும். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தவர்கள் மட்டும் சேர்ந்த சீட்டு என்பதற்காக விலக்குக் கிடைக்காது.

அபராதத்தைவிடப் பெரிய விஷயம், பதிவு என்ன பாதுகாப்பைத் தருகிறது என்பது. மாதம் 5,000 ரூபாய், 20 பேர், 20 மாதம் என்றால் சீட்டுத் தொகை 1 லட்சம். சீட்டு நடத்துபவர் தொடங்குவதற்கு முன்பே அந்த 1 லட்சத்துக்கு ஈடான பிணையைப் பதிவாளர் பெயரில் வங்கியில் வைக்க வேண்டும். அவர் கைவிரித்தாலும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும். பதிவில்லாத சீட்டில் அப்படி எதுவும் இல்லை.

கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒருவர் 25,000 தள்ளி ஏலம் எடுத்தால் அவர் கைக்கு 75,000 வரும். நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம் என்றால் 5,000 போக மீதி 20,000 இருபது பேருக்கும் ஆளுக்கு 1,000 வீதம் கழிவாகப் பிரியும். அந்த மாதம் எல்லாரும் 4,000 கட்டினால் போதும். கமிஷனுக்கு உச்சவரம்பு 7 சதவீதம். 2019 திருத்தத்துக்கு முன் அது 5 ஆக இருந்தது. தனி நபர் ஒருவர் நடத்தும் எல்லாச் சீட்டுகளின் மொத்தத் தொகை 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது. நான்கோ அதற்கு மேலோ பங்குதாரர்கள் உள்ள நிறுவனத்துக்கு 18 லட்சம்.

நேர்மையானவர் நடத்தும் சீட்டும் ஏன் உடைகிறது?

வழக்கமான பாதை இது. ஏலம் எடுத்தவர் ஜாமீன் கொண்டுவரத் தாமதிக்கிறார். அவருக்குத் தர வேண்டிய 75,000 நடத்துபவர் கையில் கிடக்கிறது. அடுத்த வாரம் கொடுத்தால் போதும் என்று அதைத் தன் கடைக்குச் சரக்கு எடுக்கப் பயன்படுத்துகிறார். சரக்கு விற்கவில்லை. அடுத்த மாத வசூலை எடுத்துப் போன மாதத்தவருக்குக் கொடுக்கிறார். அந்த ஓட்டையை அடைக்க இரண்டாவது சீட்டைத் தொடங்குகிறார். அதன் பிறகு ஆள் சேர்ந்துகொண்டே இருக்கும் வரைக்கும்தான் அவர் நல்ல பெயர்.

சட்டம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. ஏலம் எடுத்தவருக்குச் சேர வேண்டிய பரிசுத் தொகையை அடுத்த தவணைக்குள் கொடுக்க வேண்டும். ஜாமீன் வராததால் கொடுக்க முடியவில்லை என்றால், அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு உறுப்பினருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏலத்தின்போது குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் இருக்க வேண்டும். நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்கி, 21 நாளுக்குள் நகலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இவற்றை வெறும் காகித வேலை என்று எண்ணுகிறவர்கள்தான் முதலில் மாட்டுகிறார்கள்.

உறுப்பினராக இருப்பவர் கவனிக்க வேண்டிய அறிகுறி: முதல் சில மாதங்கள் யாரென்று தெரியாத பெயர்களுக்கே சீட்டு விழுவது. பினாமி பெயரில் நடத்துபவரே எடுத்துக்கொண்டிருக்கலாம். உறுப்பினர் பட்டியலையும் குறிப்பேட்டையும் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் மேலும் தவணை கட்டுவதற்கு முன் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தொழிலை விரிவாக்கத் தெரிந்தவர்களிடம் வட்டிக்குப் பணம் வாங்கலாமா?

வங்கியில் கடன் வாங்கலாம். தனி நபர் தன் உறவினரிடமும், கூட்டு நிறுவனம் பங்குதாரர்களின் உறவினரிடமும் வாங்கலாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. ஆனால் ஊர்க்காரர், சபைக்காரர், கோயில் கமிட்டியில் கூட இருப்பவர் என்று பலரிடமும் ‘மாதம் நூற்றுக்கு ஒண்ணரை’ பேசி வாங்கத் தொடங்கினால் அது முறைப்படுத்தப்படாத டெபாசிட். 2019ஆம் ஆண்டின் தடைச் சட்டப்படி, வாங்கினாலே 2 முதல் 7 ஆண்டு வரை சிறையும் 3 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதமும் உண்டு. திருப்பித் தராமல் ஏமாற்றினால் 3 முதல் 10 ஆண்டு. வட்டி ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் வாங்கியது குற்றம்தான். பலருக்கும் இது தெரிவதில்லை.

நான் பணம் வாங்கவில்லை. ஒரு நிறுவனத்துக்கு ஏஜெண்டாக ஊரில் ஆள் சேர்த்துவிட்டேன். எனக்கும் பொறுப்பு உண்டா?

உண்டு. சேரச் சொல்லித் தூண்டியதற்கே 1 முதல் 5 ஆண்டு வரை சிறையும் 2 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதமும் அதே சட்டத்தில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் இந்த வலையில் விழுபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சுயஉதவிக் குழுத் தலைவிகள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள். ஊர் நம்பும் ஆட்கள் என்பதாலேயே அவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

ஏற்கெனவே சேர்த்துவிட்டு இப்போது சந்தேகம் வந்திருந்தால், புதிதாக ஒருவரையும் சேர்க்காதீர்கள். யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு வாங்கினீர்கள், உங்களுக்கு எவ்வளவு கமிஷன் வந்தது என்று முழுப் பட்டியல் எழுதுங்கள். சேர்ந்தவர்களிடம் கமிஷன் வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களோடு சேர்ந்தே புகார் கொடுங்கள். நிறுவனம் ‘கொஞ்சம் பொறுங்கள், பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று சொல்லும் மாதங்களில்தான் சொத்துகள் வேறு பெயருக்கு மாறுகின்றன. ஆகவே காத்திருப்பது யாருக்கும் உதவாது.

100 நாள் தண்டல், ‘பிளாட்’ வட்டி: இவற்றில் நேர்மைக் கேள்வி எங்கே வருகிறது? வாங்குபவர் சம்மதித்துத்தானே வாங்குகிறார்?

என்ன விலைக்கு வாங்குகிறோம் என்று தெரியாமல் கொடுத்த சம்மதம் சம்மதம் ஆகாது. 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலிப்பதை ‘நூற்றுக்குப் பதினைந்து’ என்பார்கள். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் சேர்த்தால் அது நாளொன்றுக்குச் சுமார் 0.33 சதவீதம், ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீதம். அசல் குறைந்தாலும் கடைசி வரை முழு அசலுக்கும் போடும், கடைகளில் தவணைக்குச் சொல்லும் பிளாட் வட்டியும் இப்படித்தான்: 1 லட்சம், 12 மாதம், 12 சதவீதம் என்றால் மாதத் தவணை 9,333 ரூபாய், உண்மை வட்டி ஆண்டுக்குச் சுமார் 21.5 சதவீதம்.

தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் தின வட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. உரிமம் பெற்று முறையாகக் கடன் கொடுப்பவர் செய்ய வேண்டியது எளிது: கையில் கொடுக்கும் தொகை, மொத்தம் திரும்பக் கட்ட வேண்டிய தொகை, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம், இந்த மூன்றையும் தமிழில் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துக்கு முன் கொடுப்பது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனி நபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் தரும் கடன்களுக்கு இப்படியொரு முக்கிய விவரத் தாளை 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயம் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நகைப் பணயம் எடுக்கும் கிளையில் என்னென்ன தவறுகள் நடக்கின்றன? எப்படித் தடுப்பது?

மூன்று இடங்களில் நடக்கின்றன. முதலாவது எடையில். கல், அரக்கு, நூல் கழிப்பதில் அரை கிராம் கூடக் கழித்தாலும் வாடிக்கையாளருக்குக் கடன் குறைகிறது. நகை ஏலத்துக்குப் போனால் இழப்பு இன்னும் பெரிது. மொத்த எடை, கழிவு, நிகர எடை, தரம் ஆகிய நான்கையும் வாடிக்கையாளர் கண்முன் பார்த்து ரசீதில் தனித்தனியாக எழுத வேண்டும். ‘வளையல் 2, எடை 16 கிராம்’ என்று மட்டும் எழுதும் ரசீதை ஏற்காதீர்கள்.

இரண்டாவது, மதிப்பீட்டாளர். ஒரே ஆள் ஆண்டுக்கணக்கில் ஒரே கிளையில் மதிப்பிட்டால், முலாம் பூசிய நகையை வேறு பெயர்களில் வைத்துக் கடன் எடுக்கும் சதிக்குக் கதவு திறந்திருக்கிறது. நகை மதிப்பிடுபவருக்குக் கடன் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூலி கொடுப்பது இதைத் தூண்டும். முன்னறிவிப்பில்லாமல், வேறு கிளையிலிருந்து வேறு மதிப்பீட்டாளரைக் கொண்டுவந்து பொட்டலங்களில் சிலவற்றைத் தோராயமாக எடுத்துப் பிரித்துச் சோதிக்க வேண்டும். எந்தப் பொட்டலத்தைப் பிரிப்பது என்பதைக் கிளை மேலாளர் தேர்ந்தெடுக்கக் கூடாது.

மூன்றாவது, பெட்டகம். இரண்டு சாவி, இரண்டு ஆள் என்று விதி இருக்கும். திருவிழா நாளில் ஒருவர் லீவில் போகும்போது இரண்டு சாவியும் ஒருவர் கைக்குப் போகும். பணயம் வந்த நகை வெளியே மறு அடகுக்குப் போவது இப்படிப்பட்ட நாட்களில்தான். மாற்றுச் சாவிதாரர் யார் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஆள் இல்லையென்றால் அன்று பெட்டகம் திறக்கக் கூடாது. வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் கொள்முதல் கடை வைத்திருக்கிறேன். தரம் பிரிப்பதிலும் எடையிலும் எது நியாயம்?

புகையிட்டு உலர்த்திய ரப்பர் ஷீட்டுக்கு ஆர்.எஸ்.எஸ். 1 முதல் 5 வரை தரம் உண்டு. ரப்பர் வாரியம் நாள்தோறும் ஆர்.எஸ்.எஸ். 4க்கு விலை வெளியிடுகிறது. அந்த விலையையும் உங்கள் கடையின் கொள்முதல் விலையையும் ஒரே பலகையில் எழுதி வைப்பதுதான் முதல் வேலை. வித்தியாசம் உங்கள் செலவும் லாபமும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஈரத்துக்குக் கழிப்பது நியாயம். உள்ளே வெள்ளையாகத் தெரியும் ஷீட் காயவில்லை என்று பொருள். ஆனால் எவ்வளவு ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிப்பு என்பது எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து ஷீட் கொண்டுவரும் சிறு விவசாயிக்கு ஒரு கழிவு, லோடு கொண்டுவருபவருக்கு ஒரு கழிவு என்பதுதான் இந்தத் தொழிலில் பரவலாக நடக்கும் அநீதி.

ரப்பர் பால் வாங்குகிறவர்களுக்குச் சிக்கல் உலர் ரப்பர் அளவில், அதாவது பாலில் தண்ணீர் போக மிஞ்சும் ரப்பரில். 100 கிலோ பாலில் 35 சதவீதம் என்றால் 35 கிலோ ரப்பர். அதை 33 என்று எழுதினால் 2 கிலோ போகிறது. கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் ஒரு நடைக்கு 400 ரூபாய். மிதவைக் கருவி அடர்த்தியைத்தான் காட்டும். தண்ணீரோ வேறு பொருளோ கலந்தால் ஏமாற்றும், சரியாகக் கலக்காத பாலிலும் தவறாகக் காட்டும். நம்பகமான முறை: கேனை நன்றாகக் கலக்கி மாதிரி எடுத்து எடை பார்த்து, அமிலம் விட்டு உறைய வைத்து, மெல்லிசாக அழுத்திக் கழுவி, சுமார் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை மாறாத வரை உலர்த்தி மீண்டும் எடை பார்ப்பது. மாதிரியை இரண்டாக எடுங்கள். ஒன்றை முத்திரையிட்டு விவசாயி பெயரும் தேதியும் எழுதி வைத்தால், சச்சரவு வரும்போது வாயால் பேச வேண்டியதில்லை. பாலில் தண்ணீர் சேர்க்கும் விவசாயியையும் அதே சோதனை காட்டிக்கொடுக்கும். இருபக்கமும் காப்பது அதுதான்.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை புதுப்பிக்க வேண்டும். முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல் ஒன்றைக் கடையில் எல்லாரும் எடுத்து வைத்துப் பார்க்கும்படி வையுங்கள்.

படகுக்காரருக்கு முன்பணம் கொடுத்தவரே அவர் மீனை ஏலம் விடுவது தவறா?

முன்பணம் கொடுப்பது தவறில்லை. சின்னமுட்டத்திலிருந்து தேங்காப்பட்டணம் வரை டீசல், ஐஸ், வலை எல்லாம் பல வேளைகளில் அந்தப் பணத்தில்தான் கடலுக்குப் போகின்றன. ஆனால் ஏலம் விடுபவர் படகுக்காரருக்காக உயர்ந்த விலை தேட வேண்டியவர். அவரே கடன் கொடுத்தவர், அவரே மறைமுகமாக வாங்குபவர் என்றால் குறைந்த விலை அவருக்கு லாபம். ஒரே ஆளுக்குள் இரண்டு எதிரெதிர் நலன்கள். நல்லவராக இருந்தாலும் ஏலத்தைச் சற்று முன்னால் முடிக்கத் தோன்றும்.

தீர்வு மூன்றையும் பிரிப்பது. கடனுக்குத் தனிச் சீட்டு, அசலும் வட்டியும் தேதியும் எழுதி. ஏலக் கமிஷன் தனி வரி. ஏலம் விடுபவரோ அவர் குடும்பமோ அந்த ஏலத்தில் கேட்கக் கூடாது. கேட்டால் எல்லார் முன்னும் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். மீனவர்கள் தாங்களே சங்கமாகி ஏலத்தையும் கடனையும் சேமிப்பையும் நடத்தும் முறை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வழியாக இந்தக் கரையிலும் திருவனந்தபுரம் கரையிலும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தரகரை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இல்லை.

சரக்கு இல்லாமல் பில் மட்டும் தருகிறார்கள். ஜிஎஸ்டி குறையும் என்கிறார்கள்.

வாங்காதீர்கள். 5 லட்சம் ரூபாய் பில்லில் 18 சதவீத வரி 90,000. பிடிபட்டால் அந்த 90,000, ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, மோசடி என்று முடிவானால் வரிக்குச் சமமான அபராதம். இரண்டு ஆண்டு கழித்து வந்தால் 2,12,400 ரூபாய். பில் விற்றவர் காணாமல் போயிருப்பார், பில் வாங்கியவரின் முகவரி மட்டும் துறையிடம் இருக்கும்.

ஒரு மாதம் மட்டும் தொழிலாளர் பி.எஃப். பணத்தைச் சம்பளத்துக்குத் திருப்பலாமா?

கூடாது. பிடித்தம் செய்த நொடியிலிருந்து அது தொழிலாளியின் பணம். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் நம்பிக்கை மோசடி வழக்கு வரலாம். தொழிலாளர் பங்கைத் தாமதித்துக் கட்டினால் அப்போதைய வருமான வரிச் சட்டப்படி அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. முந்திரி ஆலை, செங்கல் சூளை போன்ற இடங்களில் சம்பளம் போடும் அன்றே பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றும் பழக்கம் ஒன்றே போதும்.

அரசு அலுவலகத்தில் லஞ்சம் கேட்கிறார்கள், கொடுக்காமல் வேலை நடக்கவில்லை. கொடுப்பவருக்கும் தண்டனையா?

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு ஆம். கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல்துறைக்கோ புலனாய்வு அமைப்புக்கோ தெரிவித்தால் அவர் மீது குற்றமில்லை. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போய், அவர்கள் சொல்படி கொடுப்பதும் குற்றமில்லை. நாகர்கோவிலில் அதன் அலுவலகம் இருக்கிறது. போவதற்கு முன் விண்ணப்ப எண், கொடுத்த தேதி, ஒவ்வொரு முறையும் என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். ‘தரகரிடம்தான் கொடுத்தேன், அவர் யாரிடம் கொடுத்தார் என்று தெரியாது’ என்பது காப்பாற்றாது.

முதலாளி வங்கிக்குக் காட்ட ஸ்டாக் கணக்கை உயர்த்தி எழுதச் சொல்கிறார். வேலையை விடவும் முடியாது. என்ன செய்வது?

கடினமான இடம் இது. வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் இருக்கும்போது ‘விட்டுவிடு’ என்று வெளியிலிருந்து சொல்வது எளிது.

முதலில் கேள்வியாகக் கேளுங்கள்: ‘இந்தச் சரக்குக்குக் கொள்முதல் பில் எது, எந்தக் குடோனில் இருக்கிறது?’ பல முதலாளிகள் இங்கேயே பின்வாங்குவார்கள், அவர்களுக்கும் பயம் உண்டு. பின்வாங்காவிட்டால் வாய்மொழி உத்தரவை எழுத்தாக்குங்கள்: ‘நீங்கள் இன்று சொன்னபடி இருப்பை இவ்வளவு என்று காட்ட வேண்டும் என்கிறீர்கள், பில் இல்லாததால் என்னால் பதிவு செய்ய முடியவில்லை’ என்று மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள். கூடவே மாற்று வழியும் சொல்லுங்கள். வங்கியிடம் உண்மை இருப்பைக் காட்டி வரம்பைத் தற்காலிகமாக மாற்றக் கேட்கலாம், தவணையைச் சீரமைக்கக் கேட்கலாம். கணக்கு கெடுவதற்கு முன் கேட்பவருக்கு வங்கி காது கொடுக்கும்.

அதற்குப் பிறகும் வற்புறுத்தினால் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கியை ஏமாற்றிய வழக்கில் ‘சொன்னார், எழுதினேன்’ என்பது கணக்கரைக் காப்பதில்லை. நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதாகவோ, வங்கிகளிடம் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கியதாகவோ இருந்தால், முறைகேட்டைத் தெரிவிக்கும் ஏற்பாடு அங்கே சட்டப்படி இருக்க வேண்டும். 2009 ஜனவரியில் வெடித்த சத்யம் கணினி நிறுவன மோசடியில், அதன் தலைவரே எழுதிய கடிதத்தில் இருந்த காரணம், சிறிதாகத் தொடங்கிய கணக்கு இடைவெளி ஆண்டுகள் போகப்போகக் கைமீறிப் பெருகியது என்பதுதான். ஒரு குடோனின் பொய் இருப்பும் அதே போலத்தான் அடுத்த மாதம் இன்னும் கூடுதலான பொய்யைக் கேட்கும்.

ஆடிட்டர் உண்மையில் கையெழுத்துப் போட்டாரா என்று எப்படித் தெரியும்?

2019 முதல் பட்டயக் கணக்காளர் தரும் சான்றிதழ்களிலும் தணிக்கை அறிக்கைகளிலும் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் இருக்க வேண்டும். பட்டயக் கணக்காளர் கழகத்தின் இணையதளத்தில் யாரும் அதைச் சரிபார்க்கலாம்.

ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸுக்குச் சப்ளையர் தரும் பரிசு?

கேக், பழம், காலண்டர் என்றால் அலுவலகத்தில் எல்லாருக்கும் பிரித்துக்கொடுங்கள். தங்கக் காசு, ரொக்கம், வீட்டுக்கு வரும் பொருள் என்றால் திருப்பி அனுப்புங்கள். டெண்டர் அல்லது விலைப்பேச்சு நடக்கும் மாதத்தில் கேக்கும் வேண்டாம்.

சிறு சப்ளையருக்குக் காசை இழுத்தடிப்பது தொழில் தந்திரம்தானே?

அவருடைய பணத்தில் நீங்கள் தொழில் செய்கிறீர்கள் என்று அதற்குப் பொருள். உத்யம் பதிவு (மத்திய அரசின் குறு, சிறு தொழில் பதிவு) உள்ள குறு, சிறு தயாரிப்பாளருக்கும் சேவை தருபவருக்கும் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி.

புகாரை எங்கே கொண்டுபோவது?

டெபாசிட் மோசடி என்றால் நாகர்கோவிலில் உள்ள பொருளாதாரக் குற்றப்பிரிவு. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொத்தை முடக்கும் வழி உண்டு, வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கும். சீட்டுத் தகராறு பதிவாளரிடம்; 3 ஆண்டுக்குள் போக வேண்டும். வங்கி, நிதி நிறுவனம் மீது முதலில் அவர்களிடமே எழுத்தில் கொடுத்து, 30 நாளில் பதிலோ தீர்வோ வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம். கட்டணம் இல்லை, உதவி எண் 14448. தராசு, எடை பற்றித் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில். இணையவழிப் பண மோசடி என்றால் நேரம் கடத்தாமல் 1930.

எங்கே போனாலும் பாஸ்புக் நகல், ரசீதுகள், விளம்பரத் துண்டறிக்கை, வாட்ஸ்அப் செய்திகளின் படம் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, ஒரு பக்கத்தில் சுருக்கம் எழுதிக்கொண்டு போங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்று, மனு ஏற்பு ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.